ரசகுல்லா டின்னில் ஓர் அடுப்புப் பாடம்



டிசம்பர் விடுமுறை நெருங்கும்போது நம் சங்கத்துப் பிள்ளைகள் பச்மடி மலைப் பக்கம் முகாம் போவது உண்டு. "காலி டின்னில் அடுப்பு செய்யலாம் என்கிறார்களே, எப்படி?" என்று சிலர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிட்டால் எல்லோருக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். செய்முறையை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அடுப்பைப் பற்றி நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி செய்முறைக்குப் பிறகுதான் வருகிறது.

டின் அடுப்பு நமக்குப் புதிதல்ல. எரிவாயு வருவதற்கு முன் நம் ஊர்களில் மரத்தூள் அடுப்பு இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். ஒரு தகர டப்பாவின் நடுவில் பாட்டிலையோ உருண்டைக் கட்டையையோ நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுகக் கெட்டித்துவிட்டு, கட்டையை உருவி எடுப்பார்கள். நடுவே புகைபோக்கி போல ஒரு குழி கிடைக்கும். அடியில் உள்ள வாய் வழியாகக் காற்று நுழைந்து அந்தக் குழி வழியே மேலேறும். அதைப் போலவே கரி போட்டு எரித்த குமுட்டி அடுப்பிலும் கீழே ஒரு காற்று வாய் இருக்கும். அதன் முன்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார்கள். இரண்டிலும் கொள்கை ஒன்றுதான்: விறகு எவ்வளவு என்பதைவிடக் காற்று எந்த வழியாகப் போகிறது என்பதே முக்கியம்.

விறகு எப்படி எரிகிறது?

விறகு எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் எரிவது பெரும்பாலும் விறகிலிருந்து வெளிவரும் வாயு. கட்டை சூடாகும்போது முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. 200 டிகிரி செல்சியசைத் தாண்டிய பிறகு மரம் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களையும் தார் ஆவியையும் வெளியிடத் தொடங்குகிறது. காய்ந்த மரத்தின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இப்படி வாயுவாகவே போய்விடும். மிஞ்சுவது கரி. அந்த வாயு போதிய காற்றோடும் சூட்டோடும் கலந்தால் சுவாலையாக எரியும். கலக்காவிட்டால் புகையாக வெளியேறும். ஆகவே புகை என்பது நாம் எரிக்காமல் வீணாக்கிய விறகுதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நீராவி எஞ்சின். டிப்ளமா முடித்துவிட்டு 1980இல் மத்திய இந்தியாவில் ஒரு லோகோ ஷெட்டில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. எஞ்சினின் நெருப்புப் பெட்டியில் கரி ஒரு கம்பித் தட்டின் மேல் எரியும். சாம்பல் தொட்டி வழியாகக் கீழிருந்து வருவது முதல் காற்று. கரி போடும் கதவின் வழியாக நெருப்பின் மேல் வருவது இரண்டாம் காற்று. கரியிலிருந்து எழும் வாயுவை எரிப்பது இந்த இரண்டாம் காற்றுதான். புகைபோக்கியில் கரும்புகை வந்தால் ஃபயர்மேனுக்கு வசவு விழும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கரி போட வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம்.

இதே முதல் காற்று, இரண்டாம் காற்று முறையைச் சிறிய டின்னுக்குள் கொண்டுவரலாம். 1985ஆம் ஆண்டு வாக்கில் தாமஸ் ரீட் என்ற அமெரிக்க அறிஞர், விறகை அடுக்கி உச்சியில் பற்றவைத்தால் நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும், வாயு மேலே வந்து தனியாக எரியும் என்ற முறையில் ஓர் அடுப்பை வகுத்தார். நார்வேயைச் சேர்ந்த பால் வெண்டெல்போ என்பவரும் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார். நாம் செய்யப்போவது இந்த வகை அடுப்பின் எளிய வடிவம்.

தேவையான பொருள்கள்

உள் டின்: ஒரு கிலோ ரசகுல்லா டின் போதும். சுமார் 10 செ.மீ. விட்டமும் 12 செ.மீ. உயரமும் இருக்கும். நம் வீடுகளில் தீபாவளிக்குப் பிறகு இதற்குப் பஞ்சமில்லை.

வெளி டின்: சுமார் 13 செ.மீ. விட்டம், 15 செ.மீ. அல்லது சற்றுக் கூடுதலான உயரம். நெய் டின், பால் பவுடர் டின் எதுவானாலும் சரி. உள் டின்னைச் சுற்றி ஒன்று, ஒன்றரை செ.மீ. இடைவெளி கிடைக்க வேண்டும். உள் டின்னைவிட 3 செ.மீ. உயரம் கூடுதலாக இருக்க வேண்டும்.

கருவிகள்: தகரம் வெட்டும் கத்தரி, சுத்தியல், 6 மி.மீ. மற்றும் 12 மி.மீ. துளை போட டிரில், அரம், காம்பஸ், தடித்த தோல் கையுறை, கண்ணாடி.

எந்த டின்கள் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட், பூச்சிமருந்து, பெட்ரோலியப் பொருள்கள் இருந்த டின்கள் வேண்டாம். வாசனைத் திரவியம், கொசு மருந்து முதலியன அடைத்த அழுத்த டப்பாக்களைத் தொடவே கூடாது. காலியானது போலத் தோன்றினாலும் சூட்டில் வெடிக்கும். துத்தநாகப் பூச்சுள்ள வாளித் தகடும் கூடாது. அது மிகவும் சூடானால் எழும் துத்தநாகப் புகை காய்ச்சலை உண்டாக்கும். குளிர்பானம் வரும் அலுமினியக் கேன் சுமார் 660 டிகிரியில் உருகிவிடும். விறகு நெருப்புக்கு ஆகாது.

செய்முறை

1. இரண்டு டின்களையும் சுடுநீரில் கழுவிக் காகிதத்தை உரித்துவிடுங்கள். மேல் மூடியைத் திறந்த இடத்தில் விளிம்பு வளையம் அப்படியே இருக்க வேண்டும். கூரான ஓரங்களைத் தட்டி மடக்கி, அரத்தால் தேயுங்கள்.

2. உள் டின்னின் அடித்தட்டில் 6 மி.மீ. துளைகள் 28 போடுங்கள். இவை முதல் காற்றுக்கு.

3. உள் டின்னின் பக்கத்தில், திறந்த விளிம்பிலிருந்து 2 செ.மீ. கீழே, சுற்றிலும் 6 மி.மீ. துளைகள் 20 போடுங்கள். ஒரு காகிதப் பட்டையை டின்னைச் சுற்றி ஒட்டி, 20 சம பாகமாகக் குறித்துக்கொண்டால் இடைவெளி ஒரே சீராக வரும். இவை இரண்டாம் காற்றுக்கு.

4. துளை போடும்போது டின் நசுங்காமலிருக்க உள்ளே உருண்டைக் கட்டை ஒன்றைக் கொடுக்கலாம். கட்டை கிடைக்காவிட்டால் ஈரமணலை இறுகக் கெட்டித்துக்கொள்ளலாம். கையில் பிடித்துக்கொண்டு டிரில் போட வேண்டாம். மெல்லிய தகரம் டிரில்லோடு சுற்றிக் கையைக் கிழிக்கும். வைஸில் பிடியுங்கள்.

5. வெளி டின்னைக் கவிழ்த்து வையுங்கள். அதன் அடித்தட்டுதான் இனி மேல்தட்டு. உள் டின்னை அதன் நடுவில் வைத்துச் சுற்றி ஒரு வட்டம் வரையுங்கள். அந்த வட்டத்துக்கு உள்ளே 7 மி.மீ. தள்ளி இன்னொரு வட்டம். சிறிய வட்டத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். பிறகு அந்த ஓட்டையின் ஓரத்திலிருந்து பெரிய வட்டம் வரை 12 இடங்களில் கத்தரியால் கீறுங்கள். கிடைக்கும் 12 நாக்குகளையும் உள்பக்கமாக மடக்குங்கள். முழுச் செங்குத்தாக மடக்காமல் சற்றுச் சரிவாக விட்டால் உள் டின்னை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

6. வெளி டின்னின் பக்கத்தில், தரையில் நிற்கும் ஓரத்திலிருந்து 2 செ.மீ. மேலே, சுற்றிலும் 12 மி.மீ. துளைகள் 14 போடுங்கள்.

7. உள் டின்னை, துளை போட்ட அடித்தட்டு கீழே இருக்கும்படி, மேலிருந்து அழுத்தி இறக்குங்கள். அதன் விளிம்பு வளையம் மேல்தட்டில் வந்து நிற்கும். உள் டின்னின் அடிக்கும் தரைக்கும் நடுவே ஏறக்குறைய 3 செ.மீ. இடைவெளி இருக்கும்.

பாத்திரத்தின் பாரத்தை இந்த மெல்லிய டின் தாங்க வேண்டியதில்லை. சுற்றிலும் மூன்று கற்கள் வையுங்கள். கற்களின் தலை அடுப்பைவிட 4 செ.மீ. உயர்ந்திருக்கட்டும். பாத்திரம் கற்களின் மேல் அமரும், சுவாலைக்கு இடம் கிடைக்கும். ஆற்றிலிருந்து எடுத்த ஈரக் கற்களைத் தவிருங்கள். உள்ளே தங்கிய நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறக்கூடும்.

துளைக் கணக்கு

இதில் என்ன கணக்கு என்று கேட்கும் மாணவர்களுக்காக. 6 மி.மீ. துளை ஒன்றின் பரப்பு 0.28 சதுர செ.மீ. அடியில் 28 துளைகளுக்கு ஏறக்குறைய 8 சதுர செ.மீ. மேலே 20 துளைகளுக்கு ஏறக்குறைய 5.7. மொத்தம் 13.7. இந்தக் காற்று முழுவதும் வெளி டின்னின் கீழ்த் துளைகள் வழியாகத்தான் வர வேண்டும். 12 மி.மீ. துளை ஒன்று 1.13 சதுர செ.மீ.; 14 துளைகளுக்கு 15.8. நுழைவழி, உள்ளே பிரியும் வழிகளின் கூட்டுத்தொகையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கிறது. நுழைவழி சிறுத்தால் அடுப்புக்கு மூச்சு முட்டும், புகையும்.

இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறும் காற்று உள் டின்னின் சூட்டை வாங்கிக்கொண்டு, சூடாகவே மேல் துளைகளில் பீறிட்டு வரும். குளிர்ந்த காற்று பட்டால் வாயு அணையும். சூடான காற்று பட்டால் எரியும். இரட்டைச் சுவரின் பயன் இதுதான். நன்றாக எரியும்போது ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு சிறு சுவாலை புறப்படுவது போலவே தெரியும், எரிவாயு அடுப்பின் பர்னரைப் போல.

எரிக்கும் முறை

டின்னின் உட்பக்கத்தில் அரக்குப் பூச்சு இருக்கும். ஆகவே முதல் முறை திறந்த வெளியில், சமையல் எதுவும் வைக்காமல், ஒரு முறை நன்றாக எரித்துவிடுங்கள்.

விரல் கனமுள்ள காய்ந்த சுள்ளிகளை 3 அல்லது 4 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, மேல் துளைகளுக்குச் சற்றுக் கீழே வரை நிரப்புங்கள். துளைகள் மூடிவிடக் கூடாது. உச்சியில் மெழுகில் தோய்த்த தேங்காய் நார் கொஞ்சம் வைத்துப் பற்றவையுங்கள். கீழே பற்றவைத்து மேலே விறகு போடுவதே நம் பழக்கம். இங்கே அது தலைகீழ். நெருப்பு மெதுவாகக் கீழே இறங்கும். இடையில் விறகைக் கிளறவோ திணிக்கவோ வேண்டாம்.

பெயிண்ட் பூசிய கட்டை, பிளைவுட், பிளாஸ்டிக் கூடாது. பழைய தண்டவாளக் கட்டைத் துண்டுகள் எளிதில் தீப்பிடிக்கும் என்று ஆசைப்பட வேண்டாம். அவை கிரியோசோட் எண்ணெய் ஊட்டப்பட்டவை, அந்தப் புகை சமையலுக்கு ஆகாது. அரளிக் குச்சியும் அடுப்புக்கு ஆகாது.

ஸ்பிரிட் ஊற்றி எரிக்கும் சிறு கேன் அடுப்பையும் சிலர் செய்கிறார்கள். நான் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. ஸ்பிரிட்டின் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணி மேலே ஊற்றினால் தீ பாட்டிலுக்கே தாவும்.

எவ்வளவு விறகு வேண்டும்?

பச்மடி சுமார் 1,000 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 97 டிகிரி அளவில் கொதித்துவிடும். 25 டிகிரி நீர் ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க 72ஐ 4.2ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 300 கிலோ ஜூல். காற்றில் உலர்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 15,000 கிலோ ஜூல் வெப்பம் உண்டு. அப்படியானால் சூடு சிறிதும் வீணாகாவிட்டால் 20 கிராம் விறகே போதும்! ஆனால் திறந்த மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்குச் சூடே பாத்திரத்தில் ஏறுகிறது என்று கொண்டால் 200 கிராம் தேவை. நான்கில் ஒரு பங்கு ஏறும்படி செய்தால் 80 கிராம் போதும்.

உங்கள் அடுப்பு எவ்வளவு எடுக்கிறது என்பதை நீங்களே நிறுத்துப் பாருங்கள். விறகை எடை போட்டு, நேரத்தைக் குறித்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று கல் அடுப்பிலும் அதே சோதனையைச் செய்யுங்கள். பாத்திரத்தை மூடினால் எவ்வளவு மிச்சம் என்பதையும் பாருங்கள்.

புகையில்லை என்றால் ஆபத்தில்லையா?

இனிதான் நான் சொல்ல வந்த செய்தி. இந்த அடுப்பு புகையில்லாமல் எரிவதைப் பார்த்ததும், "அப்படியானால் அறைக்குள்ளும் வைக்கலாமே" என்று தோன்றும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் போபாலிலும் இட்டார்சியிலும் ஜபல்பூரிலும் குளிர் எலும்பைத் துளைக்கும்போது அந்த எண்ணம் இன்னும் வலுவாக வரும். குளிரே தெரியாத ஊரிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வந்து, சிறிய வாடகை அறையில் ஹீட்டர் இல்லாமல் இருக்கும் நம் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அடுப்பு இரண்டு கட்டமாக எரிகிறது. முதல் கட்டத்தில் வாயு எரிகிறது, சுவாலை தெரியும். வாயு தீர்ந்ததும் சுவாலை அடங்கிவிடும். டின்னுக்குள் செக்கச் சிவந்த தணல் மட்டும் இருக்கும். புகை இல்லை, வாசனை இல்லை, கதகதப்பு மட்டும். பார்ப்பதற்கு மிகச் சாதுவாகத் தெரியும் இந்த இரண்டாம் கட்டமே உயிருக்கு ஆபத்தானது.

காரணம் இது. தணலின் அடியில் காற்றுப் பட்டு உண்டாகும் கரியமில வாயு, மேலே உள்ள சிவந்த கரியின் வழியாக ஏறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. குமுட்டி அடுப்பில் கரியின் மேல் சிறு சிறு நீல நாக்குகள் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கார்பன் மோனாக்சைடு எரிவதுதான். தணல் சற்று ஆறி, அந்த நீலச் சுவாலையும் அடங்கினால், எரியாத வாயு அப்படியே அறைக்குள் பரவும்.

அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தலைச்சுற்றல், அசதி. விழித்திருப்பவர் எழுந்து வெளியே போகலாம். தூங்குபவர் எழுவதே இல்லை. அங்கீட்டி, சிக்டி என்று இங்கே சொல்லும் கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் மறுநாள் காலை இறந்து கிடந்த செய்தியை வட இந்தியப் பத்திரிகைகளில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் படிக்கிறோம்.

ஆகவே சில விதிகள். இந்த அடுப்போ, கரிச்சட்டியோ, அணைந்ததாகத் தோன்றும் தணலோ, எதுவும் அறைக்குள் கூடாது. கூடாரத்துக்குள்ளும் கூடாது, அதன் வாசலிலும் கூடாது. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் போதும் என்று நம்ப வேண்டாம். யாருக்காவது தலைவலியும் குமட்டலும் ஒன்றாக வந்தால் உடனே எல்லோரும் திறந்த வெளிக்கு வந்துவிடுங்கள். மயங்கியவரை வெளியே தூக்கி வந்து 108க்குச் சொல்லுங்கள். அவருக்கு ஆக்சிஜன் தேவைப்படும். குளிருக்கு இன்னொரு ரஜாய் வாங்குங்கள். கையில் பணம் இல்லாவிட்டால் சங்கத்தில் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

காட்டிலும் ரயிலிலும்

காப்புக்காடுகளில் அனுமதியின்றித் தீ மூட்டுவது 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 26ஆம் பிரிவின்படி குற்றம். சாத்பூரா மலைக் காட்டில் தேக்கிலை சருகாகிக் கிடக்கும். கோடையில் ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடுகொடுக்க முடியாது. ஆகவே முகாமுக்கென்று அனுமதித்த இடத்தில், சருகை இரண்டு மீட்டர் சுற்றளவுக்குப் பெருக்கித் தள்ளிய வெறும் மண்ணில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு மட்டுமே அடுப்பை மூட்டுங்கள். முடிந்ததும் தணலைக் குழியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். கையால் தொட்டுக் குளிர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகே மண்ணைப் போட்டு மூடுங்கள்.

ரயிலைப் பற்றி நான் சொல்லாமலிருக்க முடியாது. அடுப்பைச் சாம்பல் துடைத்த வெறும் டின்னாகப் பையில் வையுங்கள். மண்ணெண்ணெய், ஸ்பிரிட், எரிவாயு எதையும் பெட்டியில் ஏற்றாதீர்கள். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் ஆபத்தான பொருள்களைக் கொண்டுசெல்வதைத் தடை செய்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த ஒரு சுற்றுலாப் பெட்டியில், லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள் விதிக்குப் புறம்பாகக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் மாண்டார்கள். டீ போடுவது அற்ப வேலைதான். ரயில் பெட்டி அதற்கான இடமல்ல.

மாணவர்களுக்குப் பயிற்சி

1. உங்களிடம் 5 மி.மீ. டிரில் மட்டுமே இருக்கிறது. மேலே 20 துளைகளுக்குப் பதில் எத்தனை போட வேண்டும்? பரப்பைக் கணக்கிடுங்கள், விட்டத்தை அல்ல. (விடை: 29)

2. ஈர விறகு ஏன் அதிகம் புகைகிறது? நீரை ஆவியாக்கச் சூடு செலவாவதையும், வாயு எரியத் தேவையான வெப்பநிலையையும் சேர்த்து யோசியுங்கள்.

3. அடுப்பில் சுவாலையும் புகையும் இல்லை, தணல் மட்டும் இருக்கிறது. அறைக்குள் எடுத்து வரலாமா? காரணத்தோடு எழுதுங்கள்.

முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை தவறினால் திருத்திக்கொள்ளலாம். மூன்றாவதை மட்டும் உங்கள் அறைத் தோழர்களுக்கும், புதிதாக ஊரிலிருந்து வந்திறங்கும் தம்பி தங்கைகளுக்கும் இந்தக் குளிர்காலம் தொடங்குவதற்குள் சொல்லிவிடுங்கள்.